நூறு மீட்டர் யூக்கலிப்டஸ்: அங்கே காவல், இங்கே கோடரி ஏன்?

"தாஸ்மானியாவில் ஒரு யூக்கலிப்டஸ் நூறு மீட்டர் வளர்ந்திருக்கிறது என்று செய்தி, சட்டம், போராட்டம் என்று ஆர்ப்பாட்டம் செய்கிறார்கள். இங்கே நீலகிரியில் தைல மரத்தை அகற்றுங்கள் என்று முழங்குகிறோம். ஒரே மரத்துக்கு இரண்டு நியாயமா?" என்பது உங்கள் கேள்வி. இரண்டு பக்கமும் சொல்வது சரிதான். மரத்தின் வயதையும் அது நிற்கும் மண்ணையும் விட்டுவிட்டுப் பெயரை மட்டும் பார்ப்பதால்தான் முரண்பாடு போலத் தெரிகிறது. சற்று நீளமாகவே சொல்கிறேன்.

நீங்கள் குறிப்பிடும் மரத்தின் பெயர் செஞ்சூரியன். ஆஸ்திரேலியாவின் தென்கோடித் தீவான தாஸ்மானியாவில், ஹோபார்ட் நகருக்குத் தென்மேற்கே ஆர்வ் பள்ளத்தாக்கில் நிற்கிறது. இனம் யூக்கலிப்டஸ் ரெக்னன்ஸ். விக்டோரியா மாநிலத்தார் இதை 'மவுண்டன் ஆஷ்' என்பார்கள், தாஸ்மானியர்கள் 'ஸ்வாம்ப் கம்' என்பார்கள். 2008 ஆகஸ்டில் விமானத்திலிருந்து லேசர் கதிர் பாய்ச்சிக் காட்டின் உயரத்தை அளந்தபோது, வரைபடத்தில் ஒரு புள்ளி மட்டும் அசாதாரணமாகத் துருத்திக்கொண்டு நின்றது. ஆட்கள் நேரில் போய் அளந்தார்கள். 99.6 மீட்டர் வந்தது. 2018இல் மீண்டும் அளந்தபோது 100.5 மீட்டர். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் இன்னொரு பாதி விமானத்தை அடுக்கினாலும் இதன் உச்சியைத் தொடாது. இதில் எனக்குப் பிடித்த செய்தி வேறு: சுற்றுலாப் பயணிகள் வந்துபோகும் டஹூன் மரநடைபாதைக்கு அருகிலேயே, மரத்தொழிலுக்கான அரசுக் காட்டுக்குள், இது அத்தனை காலமும் யார் கண்ணிலும் படாமல் நின்றிருக்கிறது. அடர்காட்டுக்குள் நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கு 70 மீட்டரும் 100 மீட்டரும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

அதனால்தான் இந்த இனத்தின் உயரம் பற்றிய பழைய கணக்குகளில் இத்தனை குழப்பம். 1872இல் விக்டோரியாவின் அரசுக் காடுகளுக்கு மேற்பார்வையாளராக இருந்த வில்லியம் ஃபெர்குசன், வாட்ஸ் ஆற்றங்கரையில் விழுந்து கிடந்த ஒரு மரம் 435 அடி நீளம் இருந்ததாக எழுதினார். அதாவது 132 மீட்டருக்கும் மேல். உண்மையாக இருந்தால் உலகில் மனிதன் அளந்த மிக உயரமான மரங்களில் அதுவும் ஒன்று. ஆனால் சரிபார்க்க வழியில்லை. 1880களில் தோர்ப்டேல் என்ற ஊரில் வெட்டப்பட்ட மரத்துக்கு நில அளவையாளர் ஜார்ஜ் கார்ன்த்வைட் 375 அடி என்று கணக்கு கொடுத்தார். அவர் தொழிலே அளப்பது என்பதால் பலரும் இதை நம்புகிறார்கள். நானும் நம்புவேன். 1888 மெல்பர்ன் கண்காட்சியை ஒட்டி 400 அடி மரத்தைக் காட்டுபவருக்குப் பரிசு என்று அறிவித்தார்கள், வாங்க ஆள் வரவில்லை. தேடியதில் கிடைத்த உயரமான மரம் 326 அடிதான். அதற்குள் பெருமரங்கள் நின்ற சரிவுகள் பல, ரம்பத்துக்கும் மாட்டுப் பண்ணைக்கும் போய்விட்டன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இன்றைய உலகக் கணக்கில் கலிஃபோர்னியாவின் ஹைப்பீரியன் என்ற செம்மரம் சுமார் 116 மீட்டரோடு முதலிடத்தில் இருக்கிறது. நம் ஊர்ச் செம்மரம் இல்லை, ரெட்வுட் என்னும் ஊசியிலை இனம். பூக்கும் மரங்களை மட்டும் எடுத்துக்கொண்டால் செஞ்சூரியன்தான் பல ஆண்டுகள் முதலில் இருந்தது. 2019இல் மலேசியாவின் சபா மாநிலத்தில் டானும் பள்ளத்தாக்கில் மெனாரா என்ற மெரந்தி மரம் 100.8 மீட்டர் என்று அறிவிக்கப்பட்டது. முப்பது சென்டிமீட்டர் வித்தியாசம். ஒரு காற்று இரண்டில் ஏதோ ஒன்றின் நுனியை முறித்தால் பட்டம் கைமாறும். ஆகவே, இந்தப் பந்தயத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

மரத்தின் வயதைத்தான் பார்க்க வேண்டும். ரெக்னன்ஸ் நானூறு, ஐந்நூறு ஆண்டுகள் வாழக்கூடிய மரம். ஏபெல் டாஸ்மன் என்ற டச்சு மாலுமி 1642இல் அந்தக் கரைக்கு வந்து ஐரோப்பாவுக்கு அந்தத் தீவை அறிமுகப்படுத்துவதற்கு முன்பே முளைத்த மரங்கள் அந்தக் காட்டில் உண்டு. அத்தனை வயதான மரம் செய்கிற சில காரியங்களை ஐம்பது வயது மரத்தால் செய்ய முடியாது, அது எவ்வளவு உயரமாக இருந்தாலும்.

முதலில் பொந்து. ஆஸ்திரேலியாவில் மரங்கொத்திகளே கிடையாது. மரத்தைக் குடைந்து வீடு கட்டித்தர அங்கே ஆள் இல்லை. கிளை முறிய வேண்டும், முறிந்த இடத்தில் பூஞ்சை புக வேண்டும், உள்மரத்தைக் கறையான் தின்ன வேண்டும், சில சமயம் தீ அந்த வேலையை முடித்துவைக்க வேண்டும். ஒரு ரெக்னன்ஸ் மரத்தில் உயிர்கள் தங்கத்தக்க பொந்து விழ 120 முதல் 150 ஆண்டுகள் வரை, பெரும் பொந்துகளுக்கு அதற்கும் மேலே ஆகும். அந்தக் கண்டத்தின் முதுகெலும்பு உயிர்களில் சுமார் 300 இனங்கள் மரப்பொந்துகளைப் பயன்படுத்துகின்றன. விக்டோரியாவின் மாநில விலங்கான லெட்பீட்டர் போசம் அப்படிப்பட்டது. உள்ளங்கையில் அடங்கிவிடும் இரவு விலங்கு. அழிந்தே போய்விட்டது என்று எழுதிவைத்திருந்தார்கள். 1961இல் மேரிஸ்வில் அருகே மவுண்டன் ஆஷ் காட்டில் எரிக் வில்கின்சன் என்பவர் டார்ச் வெளிச்சத்தில் மீண்டும் கண்டுபிடித்தார். தாஸ்மானியாவில் இதற்கு ஈடான கதை ஸ்விஃப்ட் கிளியுடையது. குளிர்காலத்தை ஆஸ்திரேலியப் பெருநிலத்தில் கழித்துவிட்டுக் கடல் கடந்து தாஸ்மானியாவுக்கு வந்துதான் குஞ்சு பொரிக்கும், அதுவும் முதிர்ந்த மரங்களின் பொந்துகளில் மட்டும். அதன் முக்கிய உணவு நீல யூக்கலிப்டஸின் பூந்தேன். ஊட்டியில் நாம் பார்க்கும் அதே இனம். அந்த நீல யூக்கலிப்டஸும் தாஸ்மானியாவில் 90 மீட்டரைத் தாண்டி வளர்ந்திருக்கிறது என்பதை ஊட்டி, குன்னூர் நண்பர்கள் நம்ப மறுப்பார்கள்.

அடுத்தது தீ. இந்த இடத்தில்தான் ரெக்னன்ஸ் தன் உறவினர்களிடமிருந்து விலகிப்போகிறது. பெரும்பாலான யூக்கலிப்டஸ் இனங்கள் எரிந்தாலும் அடிக்கட்டையிலிருந்தும் தண்டிலிருந்தும் மறுபடி தழைக்கும். ரெக்னன்ஸுக்கு அந்தத் திறன் இல்லாததுபோலத்தான். கடுந்தீ வந்தால் செத்துவிடும். சாகும்போது உச்சியில் காய்க்குள் அடைத்துவைத்திருக்கும் பொடிப்பொடி விதைகளைச் சாம்பல் மேல் கொட்டிவிடும். நிழலில் அந்த விதை தேறாது. வெட்டவெளி வேண்டும், சாம்பல் வேண்டும், வெயில் வேண்டும். கிடைத்துவிட்டால் ஆண்டுக்கு ஒரு மீட்டருக்கும் மேல் எழும்பும். ஒரே தீயில் பிறந்த மரங்கள் ஒரே வயதில், ஒரே அணியாக நிற்பதற்குக் காரணம் அதுதான்.

தீயே வராவிட்டாலும் இந்தக் காடு நிலைக்காது. அடியில் நிழலை விரும்பும் மிர்ட்டில், சசாஃப்ராஸ் போன்ற மழைக்காட்டு மரங்கள் மெல்ல நிறைந்துவிடும். நானூறு, ஐந்நூறு ஆண்டு தீ தொடாமல் இருந்தால் மேலே நிற்கும் யூக்கலிப்டஸ் ஒவ்வொன்றாக மூப்பில் சாய, அந்த இடம் முழுக்க மழைக்காட்டுக்குப் போய்விடும். மாறாக அடுத்தடுத்து இரண்டு தீ வந்தாலும் கெட்டது. கன்று விதை பிடிக்கப் பதினைந்து, இருபது ஆண்டுகள் தேவை. அதற்குள் மறுபடி எரிந்தால் கொட்ட விதையே இருக்காது, வேலமரக் குடும்பத்து வாட்டில் அந்த நிலத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆக, சில நூறு ஆண்டுகளுக்கு ஒரு பெருந்தீ, இடையில் நீண்ட அமைதி. இந்தத் தாளம் தப்பாமல் வந்த இடத்தில்தான் ஒரு செஞ்சூரியன் சாத்தியம்.

இதைத் தெரிந்துகொண்டால் எல் கிராண்டேயின் கதை புரியும். அதுவும் ரெக்னன்ஸ்தான். உயரம் 79 மீட்டர் மட்டுமே, ஆனால் பருமன் 439 கன மீட்டர். ஆஸ்திரேலியாவின் மிகப் பருமனான மரம் என்று 2002இல் அடையாளம் காணப்பட்டது. அதைச் சுற்றியிருந்த காட்டை மொத்தமாக வெட்டினார்கள். எல் கிராண்டேயை வெட்டவில்லை, காப்பதற்கென்று விட்டுவைத்தார்கள். வெட்டிய இடத்தில் மறுபடி யூக்கலிப்டஸ் முளைக்கச் சாம்பல் படுகை வேண்டுமே. அதற்காகக் கழிவுக் கிளைகளுக்குத் தீ மூட்டுவது அந்த ஊர் வனவியல் வழக்கம். 2003 ஏப்ரலில் தாஸ்மானியாவின் அரசு வன நிறுவனம் அப்படித் தீ வைத்தது. தீ எல் கிராண்டேயின் அடியைத் தொட்டது. உள்ளே கூடாக இருந்த அடிமரம் புகைபோக்கியாக மாறி வெப்பத்தை மேலே இழுத்தது. அந்த ஆண்டு இறுதியில் மரம் இறந்துவிட்டதாக ஒப்புக்கொண்டார்கள். காப்பாற்றுவதற்காக ஒதுக்கிய மரத்தைக் காட்டைப் புதுப்பிக்க வைத்த தீயே கொன்றது. உள்நோக்கம் எதுவும் இல்லை, கவனக்குறைவுதான். ஆனால் மரத்தை மட்டும் தனியே பிரித்துக் காக்கலாம் என்ற எண்ணத்தில் இருந்த ஓட்டை அன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்துபோனது.

அந்த எண்ணத்துக்கு விதி வடிவமும் உண்டு. உயரம் 85 மீட்டர் அல்லது தண்டின் கொள்ளளவு 280 கன மீட்டர்: இரண்டில் ஒன்றைத் தொட்டால் அந்த மரத்தைத் தாஸ்மானிய அரசுக் காட்டில் வெட்டக் கூடாது. விதியே இல்லாததற்கு இது மேல், மறுக்கவில்லை. ஆனால் 84 மீட்டர் மரத்தின் கதி என்ன? இன்றைய 75 மீட்டர் மரங்கள்தானே அடுத்த நூற்றாண்டின் செஞ்சூரியன்கள்? தவிர, சுற்றியிருக்கும் காடு போய்விட்டால் தனிமரத்தின் மேல் காற்று நேரடியாக மோதும், மண் உலரும், ஓரத்துத் தீ எளிதில் வந்து சேரும். தனிமரம் தோப்பாகாது என்ற நம் பழமொழியை அந்த ஊர்க்காரர்கள் அதிக விலை கொடுத்துக் கற்றார்கள்.

அரசியல் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்டிக்ஸ், ஃப்ளோரன்டைன் பள்ளத்தாக்குகளில் பெருமரங்களுக்காகப் பல ஆண்டுகள் போராட்டம் நடந்தது. 2011 டிசம்பரில் ஒரு பெண் அறுபது மீட்டர் உயரத்தில் மரத்தின் மேல் மேடை கட்டி ஏறியவர், 449 நாட்கள் கழித்து, அதுவும் பக்கத்தில் காட்டுத்தீ வந்ததால்தான், இறங்கினார். 2013இல் சுமார் 1,70,000 ஹெக்டேர் பரப்பு தாஸ்மானிய உலகப் பாரம்பரியப் பகுதியோடு சேர்க்கப்பட்டது. மறு ஆண்டே புதிதாக வந்த ஆஸ்திரேலிய அரசு அதில் 74,000 ஹெக்டேரைத் திரும்ப எடுத்துவிடுமாறு கேட்டது. தோஹாவில் கூடிய யுனெஸ்கோ பாரம்பரியக் குழு பத்து நிமிடம்கூட விவாதிக்காமல் மறுத்துவிட்டது. விக்டோரியா மாநிலம் 2024 தொடக்கத்திலிருந்து இயற்கைக் காடுகளில் வணிக மரவெட்டலையே நிறுத்திவிட்டது. தாஸ்மானியாவில் அது தொடர்கிறது.

இனி நம் பக்கத்துக் கேள்வி. தைல மரம் நிலத்தடி நீரை உறிஞ்சிவிடும் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர்களுக்கு மெல்பர்ன் நகரத்தின் அனுபவம் விசித்திரமாகத் தோன்றும். அந்த நகரம் குடிக்கும் தண்ணீரில் பெரும்பகுதி மவுண்டன் ஆஷ் காடுகள் மூடிய மலைகளிலிருந்து வருகிறது. யாரையும் உள்ளே விடாமல் பூட்டிவைத்த நீர்ப்பிடிப்புகள் அவை. 1939 ஜனவரி 13 அன்று, கறுப்பு வெள்ளி என்று அவர்கள் அழைக்கும் நாளில், அந்தக் காடுகளின் பெரும்பகுதி எரிந்தது. மொத்தம் 71 பேர் இறந்தார்கள். விதைகள் கொட்டின, இளங்காடு அடர்த்தியாக எழும்பியது. பார்க்கப் பச்சைப்பசேல். ஆனால் ஓடைகளில் நீர் குறைந்துகொண்டே போனது. பின்னாளில் குசேரா என்ற நீரியலாளர் கணக்குப் போட்டுக் காட்டினார்: முதிர்ந்த காட்டிலிருந்து வழிந்துவரும் நீர், காடு எரிந்து இளங்காடாக மாறியபின் இருபத்தைந்து, முப்பது ஆண்டுகளில் ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது. பழைய அளவுக்குத் திரும்ப ஒரு நூற்றாண்டுக்கும் மேல் ஆகிறது. காரணம் எளிது. இளங்காட்டில் மரங்கள் நெருக்கம், இலைப்பரப்பு அதிகம், நீர் ஏற்றும் மென்மரப் பகுதி அதிகம். முதிர்ந்த காட்டில் மரங்கள் எண்ணிக்கையில் குறைவு, ஒவ்வொன்றின் தாகமும் மட்டுப்பட்டிருக்கும். அதே காடுகளில் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட கணக்கில், உயிருள்ளதும் செத்ததும் சேர்த்து ஹெக்டேருக்குச் சராசரியாக 1,867 டன் கார்பன் இருந்தது. அதுவரை உலகில் எந்தக் காட்டிலும் அத்தனை அளக்கப்படவில்லை.

நீலகிரியில் நடந்தது இதற்கு நேர் எதிர். அங்கே இயற்கையில் இருந்தது சோலை எனப்படும் மலைச் சிறுகாடும் புல்வெளியும். புல் மழைநீரைக் குறைவாகச் செலவழித்து மண்ணுக்கும் ஓடைக்கும் விட்டுத்தரும். 1840களில் வெள்ளைக்கார அதிகாரிகள் நீல யூக்கலிப்டஸைக் கொண்டுவந்தார்கள். விறகுக்குச் சோலைகள் தீர்ந்துகொண்டிருந்தன, சீக்கிரம் வளரும் மரம் தேவைப்பட்டது. அந்த நேரத்து நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிறகு அரசுத் தோட்டங்களாகப் பெருகி, புல்வெளிகளை விழுங்கி, தைலத்துக்கும் மரக்கூழுக்கும் என்று நிலைத்துவிட்டது. உதகையின் மண், நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையத்தார் கிளன்மார்கன் பகுதியில் பக்கத்துப் பக்கத்து இரண்டு நீர்ப்பிடிப்புகளை ஆண்டுக்கணக்கில் ஒப்பிட்டார்கள். ஒன்று புல்வெளியாகவே விடப்பட்டது, மற்றதில் பாதிக்கு மேல் தைல மரம் நடப்பட்டது. முதல் பத்தாண்டுச் சுற்றில் ஓடைநீர் சுமார் 16 விழுக்காடு குறைந்தது. வெட்டியபின் கட்டையிலிருந்து தழைத்த இரண்டாம் சுற்றில் குறைவு 25 விழுக்காட்டை ஒட்டி வந்தது.

பத்தாண்டுக்கு ஒருமுறை வெட்டும் தோட்டம் என்றைக்கும் முதிராது. மெல்பர்ன் மலைகளில் காடு எந்த வயதில் அதிகம் குடிக்குமோ அந்த இளமையை நோக்கியே ஓடிக்கொண்டிருக்கும் மரங்களை, சுற்றுக்குச் சுற்று அங்கேயே நிறுத்திவைக்கிறோம். "அப்படியானால் வெட்டாமல் நானூறு ஆண்டு விட்டுவிடலாமே" என்று சிலர் கேட்பார்கள். அதுவும் சரிவராது. மரமே இல்லாத புல்வெளியில் எந்த வயது மரத்தை நிறுத்தினாலும் ஓடைக்குப் புல் கொடுத்த நீர் கிடைக்காது. பொந்து தேடி வரும் ஸ்விஃப்ட் கிளியும் போசமும் அங்கே இல்லை. நீலகிரி வரையாட்டுக்கும் நெட்டைக்காலிப் பறவைக்கும் வேண்டியது புல். செஞ்சூரியனின் மதிப்பு அந்த மண்ணோடும் அந்தத் தீயோடும் அந்த உயிர்களோடும் கட்டுண்டது. கப்பலில் ஏற்றிக் கொண்டுவரக்கூடியது விதை மட்டும்தான்.

செஞ்சூரியன் இப்போது எப்படி இருக்கிறது என்றும் கேட்டிருந்தீர்கள். 2019 ஜனவரியில் தாஸ்மானியா முழுக்க மழையில்லா மின்னல்கள் விழுந்து தீ பிடித்தது. தீவின் இரண்டு லட்சம் ஹெக்டேருக்கும் மேல் எரிந்தது. ரிவோ சாலைத் தீ என்று பெயரிடப்பட்ட ஒன்று டஹூன் நடைபாதையைச் சேதப்படுத்திச் செஞ்சூரியனின் அடியையும் சுட்டது. அடிமரத்தில் பெரிய காயம், ஆனால் மரம் பிழைத்தது. விக்டோரியாவின் மிக உயரமான மரங்களுக்கு அந்தப் பேறு கிடைக்கவில்லை. வாலபி ஓடையில் 90 மீட்டரை எட்டிய, முந்நூறு வயது தொட்ட மரங்கள் 2009 பிப்ரவரி 7ஆம் தேதித் தீயில் மொத்தமாகச் செத்தன. மனிதர்களும் 173 பேர் மாண்ட தீ அது. கோடை நீண்டு தீயின் இடைவெளி சுருங்கச் சுருங்க, நான் மேலே சொன்ன இரட்டைத் தீ ஆபத்து கூடுகிறது. விதை இல்லாமல் போன சரிவுகளில் விக்டோரிய வனத்துறை ஹெலிகாப்டரிலிருந்து விதை தூவத் தொடங்கிவிட்டது.

நீலகிரியில் தைல மரத்தை அகற்ற நினைப்பவர்களுக்குக் கடைசியாக ஒரு எச்சரிக்கை. நீல யூக்கலிப்டஸ் ரெக்னன்ஸைப் போல லேசில் சாகும் சாதி இல்லை. வெறுமனே வெட்டிவிட்டு வந்தால் அடுத்த மழைக்கே கட்டையிலிருந்து நான்கைந்து தண்டுகளாகத் தழைக்கும், முன்னைவிட அதிகம் குடிக்கும். கிளன்மார்கன் கணக்கு காட்டியது அதைத்தான். கட்டையைப் பெயர்த்தாலோ, தளிரைத் தொடர்ந்து கிள்ளினாலோதான் அடங்கும். வெளிச்சம் விழுந்த இடத்தை அடுத்ததாகச் சீகை மரம் பிடித்துக்கொள்ளும். அதுவும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வாட்டில்தான். ஆகவே வெட்டுகிற அன்றைக்கே உள்ளூர்ப் புல்லின் தூர்கள் நாற்றங்காலில் தயாராக இருக்க வேண்டும். ஒப்பந்தம் எடுத்த லாரி வந்து மரத்தை ஏற்றிப்போவதோடு திட்டம் முடிந்துவிட்டது என்று கோப்பை மூடினால், ஐந்தாண்டில் அந்தச் சரிவு முன்னைவிட அடர்ந்த புதராக நிற்கும்.